தண்ணீருக்கு முன் கை

முப்பது நிமிடம் நடை, இரண்டு நிமிடம் டிராட், மறுபடியும் பத்து நிமிடம் நடை. அவ்வளவுதான் இன்றைக்கு. இதற்குப் போய்க் காலையில் இட்லி இறங்கவில்லை என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இருபது வருடமாகக் குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கிறவள், எட்டு வயதுப் பிள்ளைகளை மூன்றாவது வாரமே டிராட் விட வைக்கிறவள், நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் இருக்கிற அந்தத் துள்ளலுக்கு, அதுவும் இரண்டே நிமிடத் துள்ளலுக்குப் பயப்படுகிறாளாம். பயப்படத்தான் செய்கிறேன். யாரிடம் மறைப்பது? கீழே இருக்கிறவனிடமா? என் தொடை இறுகினாலே அவனுக்கு எல்லாம் தெரிந்துவிடும். ஏறி உட்கார்ந்ததுமே ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பி, என்ன, மூச்சையே காணோம் என்று கேட்டுவிட்டான். மூச்சை விடு வசுமதி. தோளை இறக்கு. கடிவாள வாரைக் கோழிமுட்டையைப் பிடிக்கிற மாதிரிப் பிடி என்று பிள்ளைகளிடம் கத்துகிறாயே, நீ இப்போது பிடித்திருப்பது என்ன, தேர்வடமா? சரி. விட்டாயிற்று. நட. போ மாப்பிள்ளை. இவனுக்கு ரேஸ் ஓடிய காலத்து இங்கிலீஷ் பெயர் ஒன்று காகிதத்தில் இருக்கிறது, யார் வாயிலும் நுழையாது. ஆறு வருடத்துக்கு முன்னால் லாரியை விட்டு இறங்கிய அன்று புல்லைப் போட்டால் தொடாமல் சுவரைப் பார்த்து நின்றான், இரண்டாம் தரம் எடுத்து நீட்டினால்தான் வாங்கிக்கொண்டான். "தல தீவாளிக்கு வந்த மாப்பிள்ளையாட்ட மொகத்தத் திருப்பீட்டு நிக்கறானுங்க அம்மிணி" என்றார் மாகாளியண்ணன். எங்கள் லாயத்தில் குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டிப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். அன்றிலிருந்து இவன் மாப்பிள்ளை. முறுக்கும் அப்படியேதான் இருக்கிறது, ஒன்பது மாதம் படுத்தும் குறையவில்லை.

ஒன்பது மாதம். இடது முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாகக் குளம்பு வரை ஓடுகிற நரம்பு, புத்தகத்தில் தசைநாண். முழுக்க அறவில்லை, நடுவில் சில இழைகள். டாக்டர் இம்தியாஸ் ஸ்கேன் படத்தில் ஒரு கறுப்புப் பொத்தலைக் காட்டி, இங்க இழையே இல்ல பாருங்க மேடம் என்றார். எலி கடித்த கயிறு. இரண்டு மாதம் கொட்டடியை விட்டு வெளியே விடவில்லை. அப்புறம் கையில் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நடை, பதினைந்து, இருபது. மூன்று மாதமாகத்தான் முதுகில் ஆள், அதுவும் என் ஒருத்தியைத் தவிர வேறு யாரும் இல்லை, எல்லாம் நடை, நடை, நடை. கோயமுத்தூரில் இருக்கிற அத்தனை தென்னை மரத்தையும் எண்ணிவிட்டேன் போலிருக்கிறது. டாக்டர் எழுதிய தாள் கொள்ளு மூட்டை அறைக் கதவில் ஒட்டியிருக்கிறது, நாளுக்கு ஒரு கட்டம். முடிந்த கட்டத்தை மாகாளியண்ணன் கரித்துண்டால் அடித்துவிடுவார். இன்றைய கட்டத்தில் முதல்முதலாக டிராட் 2 என்று இருக்கிறது, அந்த இரண்டுக்கு அடியில் இரண்டு கோடு. குதிரையை நம்பாமல் போட்ட கோடு இல்லை அது. என்னை நம்பாமல் போட்டது. "ரெண்டாந்தடவ அறுந்து போறது எப்பத் தெரியுமா மேடம், நல்லாயிட்டான்னு நமக்குத் தோணுது பாருங்க, அப்பத்தான்" என்றார். பயிற்சி நடக்கிற மணல் ரிங்கில் விடக் கூடாது, கால் புதையும். தோப்பை ஒட்டிய கெட்டிச் செம்மண் பாதையில்தான். தண்ணீர்த் தொட்டியிலிருந்து மோட்டார் ரூம் வரைக்கும் ஒரு நிமிடம், நடைக்கு வந்து திரும்பி, மறுபடி தொட்டி வரைக்கும் ஒரு நிமிடம். நேராகப் போய் நேராக வா. திருப்பத்தில் டிராட் கிடையாது. எல்லாம் மனப்பாடம். மனப்பாடமாக இருந்தவைதான் முன்பும்.

தொட்டிப் பக்கத்தில் மாகாளியண்ணன் நிற்கிறார், கையில் என் போன். நேரம் பார்க்கிற வேலை அவருக்கு. ஒவ்வொரு சுற்றும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது, வேறு பாதை இல்லை. "பத்தாச்சுங்க மேடம்." பத்து நிமிடம். மேடம். முன்பெல்லாம் அம்மிணி. என்னை விடப் பத்து வயது பெரியவர், அம்மிணி என்று கூப்பிடும்போது அதில் ஒரு அதட்டலும் இருக்கும், ஏனுங்க அம்மிணி, ஹெல்மெட்டு போடாம ஏறறீங்க என்று. பெங்களூருக்குப் போய் வந்த பிறகு மேடம் ஆகிவிட்டேன். அவருக்குக் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தப்புச் செய்த ஆள் அதட்டக் கூடாது என்று அவராகவே வைத்துக்கொண்ட மரியாதை அது. தப்புச் செய்த ஆள். அவர். பார், மறுபடியும் தொடை இறுகுகிறது, மாப்பிள்ளை வாலை அடிக்கிறான். கவனம் கால்மேல் இருக்கட்டும். இடது முன்னங்கால், வலது முன்னங்கால், இடது, வலது. சத்தம் ஒரே மாதிரி இருக்கிறதா? இருக்கிறது. நீளம்? ஒரே நீளம். தலை? தலை ஆடவில்லை. நொண்டுகிற குதிரை வலிக்கிற காலை ஊன்றும்போது தலையைத் தூக்கும், தரையைத் தொடாமலே காலைக் காப்பாற்றிவிடலாம் என்று அதற்கு ஒரு நினைப்பு. நானும் ஒன்பது மாதமாகத் தலையைத் தூக்கிக்கொண்டுதான் நடக்கிறேன்.

எங்கள் லாயத்தில் ஒரு பழக்கம் உண்டு, நான்தான் கொண்டுவந்தேன், பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். காலையில் குதிரையின் காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் படுவதற்கு முன்னால் வெறுங்கையால் நாலு காலையும் தடவிப் பார்த்துவிட வேண்டும். எங்கேயாவது சூடு இருந்தால் அன்றைக்குச் சேணம் இல்லை, விவாதமே கிடையாது. தண்ணீர் ஊற்றிவிட்டால் எல்லாக் காலும் பானை மாதிரி சில்லென்று இருக்கும், கை எதையும் கண்டுபிடிக்காது. ஆகவே முதலில் கை, பிறகு தண்ணீர். பிள்ளைகளைக் கோரஸாகச் சொல்ல வைப்பேன். பெங்களூர்ப் போட்டி அன்று காலையில் ராத்திரிப் பயணத்துக்காகக் கட்டியிருந்த கால்கட்டுகளை மாகாளியண்ணன் அவிழ்த்துவிட்டு, குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, "கை வச்சுப் பாத்துட்டீங்களா அம்மிணி?" என்று கேட்டார். நான் அப்போது ஜாக்கெட்டில் நம்பர் குத்திக்கொண்டிருந்தேன். ஊக்கு கிடைக்கவில்லை. எனக்கு முன்னால் நாலு பேர்தான் பாக்கி. "பாத்துட்டேன், ஊத்துங்க" என்றேன். பார்க்கவில்லை. அதுதான் நடந்தது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவர் ஊற்றினார். நான் அப்புறம் வந்து ஒரு ஒப்புக்குக் கை வைத்தேன், எல்லாம் சில்லென்று இருந்தது, நல்லது என்று ஏறிவிட்டேன். ஊக்கு என்று சொல்வதும் பொய்தான். ஊக்கு கிடைத்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன். அதற்கு மூன்று நாள் முன்னாலேயே இங்கே இந்த மைதானத்தில் இடது திருப்பத்தில் இவன் அரை அடி குறைத்து வைத்தான். ஒரே ஒரு தடவை. என் இடுப்பெலும்புக்குத் தெரிந்தது, நான் தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். கை வைத்தால் சூடு இருக்கும் என்று பயந்துதான் கை வைக்கவில்லை. ஆறாவது தடையைத் தாண்டி இறங்கினான், இடது கால் கீழே போய்க்கொண்டே இருந்தது, அப்புறம் புல் என் முகத்துக்குப் பக்கத்தில்.

எனக்குக் கழுத்தோரத்துக் காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரத்தில் ஒட்டிக்கொண்டது. மனிதர்களுக்கு எல்லாம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் வாங்கி வந்தார்கள். லாயத்தின் முதலாளி சென்னியப்பன் சார் ஆர்க்கிட் பூங்கொத்து அனுப்பினார். மாகாளியண்ணன் இளநீர் வாங்கிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, கதை வேறு மாதிரி போய்க்கொண்டிருக்கிறது என்று. முதலாளி டாக்டரிடம் ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டிருக்கிறார், டாக்டர் ஏழெட்டுக் காரணங்களைச் சொல்லி அதில் ஒன்றாக, லாரியில் வரும்போது கட்டு ரொம்ப இறுக்கமாக இருந்தாலும் நரம்பு கெடலாம் என்றும் சொல்லியிருக்கிறார். முதலாளிக்கு அந்த ஒன்று போதும். இனிமேல் எந்தக் குதிரைக்கும் மாகாளி கட்டுக் கட்டக் கூடாது. இருபத்திரண்டு வருடம் கட்டிய கை. "எறுக்கிப்புட்டனாட்ட இருக்குதுங்க" என்றார் என்னிடம், இளநீரில் ஸ்டிராவைப் போட்டுக்கொண்டே. நான் சொல்லியிருக்க வேண்டியது அந்த நிமிடம். வாயில் ஸ்டிரா இருந்தது. உறிஞ்சினேன். தித்திப்பான இளநீர், இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது. அடுத்த நாள் சொல்லலாம், டிஸ்சார்ஜ் ஆனதும் சொல்லலாம், குதிரை கொட்டடியை விட்டு வெளியே வரட்டும் சொல்லலாம். ஜனவரியில் ஒரு மத்தியானம் புல் போடுகிற கொட்டகைக்குப் போனேன். அங்கே அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குதிரைக்குக் கட்டுகிற துணிச்சுருளைத் தன் கெண்டைக்காலில் சுற்றி, எழுந்து நாலடி நடந்து பார்த்து, உட்கார்ந்து அவிழ்த்து, அது பதிந்த தடத்தைத் தடவிப் பார்த்து, மறுபடியும் சுற்றிக்கொண்டிருந்தார். எவ்வளவு இறுக்கினால் கெடும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டேன். வெட்கம் என்கிற சொல்லை அன்றைக்கு முந்தி நான் சும்மா உபயோகித்திருக்கிறேன்.

"இருவதாச்சுங்க." இன்னும் பத்து. காற்று எழும்பிவிட்டது. ஆனி மாதக் காற்றுக்கு இங்கே வேறு வேலை கிடையாது, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து தென்னையெல்லாம் பிடித்து உலுக்கிவிட்டுப் போகும். மட்டை ஒன்று விழுந்தால் போதும், இவன் நாலு காலையும் ஒரே நேரத்தில் தூக்கிவிடுவான், அப்படித் தூக்கினால் கீழே வருவது எந்தக் காலோ. ஓட்ஸைக் குறைத்து, வெறும் புல்லில் வைத்திருக்கிறோம், இருந்தாலும் ஒன்பது மாதத்து ஓட்டமெல்லாம் உள்ளே சேர்ந்து கிடக்கிறது. மோட்டார் ரூம் ஓரத்தில் மயில். போ, போய்விடு, பறக்காதே, நடந்து போ. பறந்தது. மாப்பிள்ளை குறுக்கே ஒரு தாவு, என் வலது கை தானாகப் பிடரிமயிரைப் பிடித்துக்கொண்டது, காறை எலும்பு ஒட்டின இடத்தில் சுள்ளென்றது. ஊன்றினான். இடது கால்தான். ஊன்றினான், நின்றான், மூக்கைப் புடைத்து ஊதினான். நட. நடந்தான். தலை ஆடவில்லை. ஆடவில்லையே? மறுபடியும் பார். ஆடவில்லை. நல்ல பிள்ளை, மயில்தான் அது, தினமும் பார்க்கிற மயில்தான், உன் மாமனார் மாதிரி. பேசிக்கொண்டே இரு, குரல் நடுங்கினாலும் பேசு. அந்த நேரம் பார்த்துக் கேட்டில் வெள்ளை கார். சென்னியப்பன் சார். இன்றைக்கு வருகிறேன் என்று நேற்றே சொல்லியிருந்தார், நான் தாளைக் காட்டி ரெண்டு நிமிசம்தான் சார், பார்க்க ஒன்றும் இருக்காது என்றேன். வருகிறேன் என்றார். அவருக்கு ஒரு மச்சான், திருப்பூரில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். "நடந்தாப் போதுமாமா மேடம், அவுங்களுக்கு. ஆவணி முகூர்த்தத்துக்குக் கேக்கறாங்க. ஏறி ஓட்ட முடியாத குதிரைய நாம வெச்சுட்டு என்னுங்க பண்றது" என்று போன வாரம் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்குக் குதிரை என்றால் ஓட வேண்டும், அவ்வளவுதான். தார் ரோடு, பாண்டு வாத்தியம், தலைக்கு மேல் ஜெனரேட்டர் விளக்கு, காதுக்குப் பக்கத்தில் சரவெடி. மயிலுக்கே இந்தத் தாவு தாவுகிறவன்.

"முப்பதாச்சுங்க மேடம். ஆரம்பிக்கறதுங்களா?" முதலாளி அவர் பக்கத்தில் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். நான் தலையை ஆட்டினேன். ரெண்டாவது நிமிடம் ஆனதும் கையைத் தூக்குங்கண்ணா என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். மூச்சை விட்டேன். கெண்டைக்காலால் ஒரே ஒரு தட்டு, தட்டுகூட இல்லை, நினைப்பு. அவன் அதற்காகத்தான் ஒன்பது மாதமாகக் காத்திருந்தான். தக், தக், தக், தக். மேலே, கீழே, மேலே, கீழே. ஐயோ. மறந்தே போயிருந்தது. செம்மண் கெட்டியாக இருப்பதால் ஒவ்வொரு குளம்பும் பேர் சொல்லி விழுகிறது. நொண்டினால் ஒரு தக் சின்னதாக இருக்கும், கேள், கேள், எங்கே சின்னது? இல்லை. எல்லாம் ஒரே அளவு. தலை அப்படியே நிற்கிறது, கழுத்து நீள்கிறது, முதுகு எனக்குக் கீழே எழும்பி வந்து என்னைத் தாங்கிக்கொள்கிறது. மோட்டார் ரூம். நடை. திரும்பு, மெதுவாக, அகலமாக. மறுபடியும் தட்டு. தக், தக், தக், தக். எனக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் சொல்கிறேன், அழுதேன், காற்றில் அது காதோரமாகப் போனது. இவனுக்கு ஒன்றுமில்லை. இவன் நன்றாகிவிட்டான். இன்னும் நாலு சுற்று போவான், கேட்டால் இப்போதே அந்த வேலியைத் தாண்டுவான். டாக்டர்கள் எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத்தான் சொல்வார்கள். இரண்டு நிமிடம் என்றால் நாலு தாங்கும் என்று அர்த்தம். முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறார், இதுதான் சமயம், இவனை நன்றாகக் காட்டிவிட்டால் திருப்பூர்ப் பேச்சே எழாது, இவனுக்காகத்தானே, எனக்காகவா? அந்தக் குரல் எனக்குத் தெரியும். பாத்துட்டேன் ஊத்துங்க என்று சொன்ன அதே குரல். எப்போதும் அது குதிரைக்காகத்தான் பேசும்.

பாதை முடிவில் மாகாளியண்ணன் கையைத் தூக்கினார். பக்கத்தில் சென்னியப்பன் சாரும் கையைத் தூக்கினார், விரலை வட்டமாகச் சுற்றி. "அருமைங்க மேடம்! நிறுத்தாதீங்க, இன்னொரு ரவுண்டு உடுங்க!" இரண்டு கைகள். ஒன்று சுழல்கிறது, ஒன்று நேராக நிற்கிறது, சட்டைக்கை நழுவி முழங்கை தெரிய, பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி. முதலாளி சொன்ன பிறகும் அந்தக் கை இறங்கவில்லை. நான் முதுகை நிமிர்த்தி ஆழமாக உட்கார்ந்தேன். மாப்பிள்ளைக்கு நிற்க மனமில்லை, கழுத்தை இழுத்தான். நானும் இழுபட்டேன், அரை வினாடி. வேண்டாம் என்றேன் வாய்விட்டு. தக், தக், நடை. "ஏனுங்க நிறுத்தீட்டீங்க? சும்மா ஜம்முனு போறான்." "அதனாலதான் சார் நிறுத்தினேன்." "என்னுங்க மேடம், ஒரே ஒரு ரவுண்டு, பாக்கறதுக்கு." "தாள்ல ரெண்டுன்னுதான் இருக்கு." "நானும் முடிவு பண்ணணுமில்லீங்களா, மச்சான் ராத்திரி போன் பண்ணுவாரு." "அனுப்பறதா இருந்தா அனுப்புங்க சார், உங்க குதிரை. இன்னிக்கு இன்னொரு ரவுண்டு கிடையாது." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, கத்தவில்லை, நடுங்கவும் இல்லை. அவர் உதட்டைப் பிதுக்கினார், போகவில்லை. மாகாளியண்ணன் கையை இறக்கிக்கொண்டார்.

பத்து நிமிடம் நடை. வாரைத் தளர்த்திக் கழுத்தை நீட்ட விட்டேன். ஒன்றைச் செய்ய முடிந்தது. ஒன்றைச் செய்ய முடிந்தவளுக்கு இன்னொன்றும் முடியும், இல்லாவிட்டால் இது வெறும் டிராட். இறங்கியதும் சொல்ல வேண்டும். முதலாளி போன பிறகு தனியாகச் சொல்லலாமே? கூடாது. கட்டுக் கட்டக் கூடாது என்று சொன்னவர் அவர், அவர் காதில்தான் விழ வேண்டும். வேலை போகலாம். போனால்? மாப்பிள்ளையை யார் நடத்துவது, தாளில் இன்னும் நாற்பது கட்டம் இருக்கிறது, திருப்பூருக்கு ஏற்றிவிட்டால்? பார், மறுபடியும் குதிரைக்காகப் பேசுகிறது. நான் இல்லாவிட்டால் கட்டம் பார்த்து நடத்த மாகாளியண்ணனுக்குத் தெரியும், என்னை விட நன்றாகத் தெரியும். எப்படித் தொடங்குவது? மன்னித்துவிடுங்கள் என்று தொடங்கக் கூடாது, அப்படித் தொடங்கினால் பரவாயில்லைங்க என்று அவர் சொல்லிவிடுவார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நடந்ததைச் சொல், நடந்த வரிசையில் சொல். மயில் திரும்பவும் வந்து மோட்டார் ரூம் ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை இவன் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "பத்தாச்சுங்க மேடம்."

இறங்கினேன். மாகாளியண்ணன் சேணத்தை எடுத்து வேலிமேல் போட்டுவிட்டுக் குழாயை எடுத்து வந்தார், திறக்கவில்லை, தரையைப் பார்த்தபடி வைத்துக்கொண்டு நின்றார். இப்போதெல்லாம் அவர் கேட்பதில்லை, நான் கை வைத்து முடிக்கிற வரைக்கும் நிற்பார். கையுறையைக் கழற்றிவிட்டு மண்ணில் குந்தினேன். முதலில் வலது கால், நல்ல கால், கைக்கு அளவு தெரிய வேண்டும். அப்புறம் இடது. வேர்வையும் புழுதியும். நடுவில் மொச்சைக்கொட்டை அளவு தடிப்பு, அது இனி எப்போதும் இருக்கும். அமுக்கினேன், அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை. மறுபடி வலது, மறுபடி இடது. ஒரே சூடு, நடந்து வந்த காலின் சூடு, இரண்டிலும் ஒன்றே. எழுந்திருக்கவில்லை. எழுந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். "பெங்களூர்ல நான் இப்படி உக்காரவே இல்லைங்கண்ணா" என்றேன் காலைப் பார்த்துக்கொண்டு. "என்னுங்க?" என்றார் முதலாளி. "நீங்க கேட்டீங்க, கை வச்சுப் பாத்துட்டீங்களான்னு. பாத்துட்டேன்னு சொன்னேன். பாக்கலை. மூணு நாள் முந்தியே இவன் இடது பக்கம் குறைச்சு வச்சான், எனக்குத் தெரியும். நீங்க கட்டுக் கட்டறதுக்கு முன்னாடியே கால்ல கோளாறு வந்திருச்சு. கை வச்சிருந்தா சூடு தெரிஞ்சிருக்கும், ஏறியிருக்க முடியாது. அதனால கை வைக்கலை." தென்னைகள் இரைந்தன. "ஏம் மேடம், இத ஒம்பது மாசம் கழிச்சா சொல்றீங்க?" என்றார் சென்னியப்பன் சார். கையை அந்தத் தடிப்பின்மேலேயே வைத்திருந்தேன். மாகாளியண்ணன் என்னைப் பார்க்கவில்லை. குழாயைத் தொட்டி விளிம்பில் மெதுவாக வைத்தார். "அப்பக் கட்டு சரியாத்தான் இருந்துச்சுங்களா?" "சரியாத்தான் இருந்துச்சு." "நாலு காலுமேங்களா?" "நாலு காலும்."

மாகாளியண்ணன் வேட்டித் தலைப்பால் முகத்தை ஒரு தரம் அழுத்தித் துடைத்துக்கொண்டு குழாயைத் திறந்தார். இடது காலில் பத்து நிமிடம் தண்ணீர், மாப்பிள்ளை தொட்டியில் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். முதலாளி காரைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "நாளைக்கு எத்தன நிமிசம்?" என்று கேட்டார், யாரிடம் என்று தெரியவில்லை. "நாளைக்கும் ரெண்டுதானுங்க" என்றார் மாகாளியண்ணன். "சரி, மச்சான்ட்ட ஆவணிக்கு இல்லீன்னு சொல்லிப்புடறன். உங்க விசயம் நாளைக்குப் பேசலாங்க மேடம்." பேசட்டும். துணியால் காலை ஒற்றிக் காயவைத்தோம். ஒன்பது மாதப் பழக்கத்தில் துணிச்சுருளை எடுத்துக்கொண்டு நான் மறுபடி குந்தினேன். பக்கத்தில் ஒரு கை நீண்டது. "இங்க குடுங்க மேடம்." கொடுத்தேன். முதலாளி வாயைத் திறந்து மூடிக்கொண்டார். மாகாளியண்ணன் முழங்காலுக்குக் கீழே தொடங்கி, முந்தின சுற்றில் பாதியை மூடி மூடிக் கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறி முடித்தார், ஒரு தடவைகூட நிறுத்தி யோசிக்கவில்லை. மேல் விளிம்பில் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டார். அம்மிணி என்று சொல்லவில்லை. "நீங்களும் ஒரு வெரல் உட்டுப் பாருங்க மேடம். பாத்துட்டுச் சொல்லுங்க." விட்டேன். துணிக்கும் காலுக்கும் நடுவில் ஒரு விரல், அதற்கு மேல் இல்லை, குறைவும் இல்லை. மேல் விளிம்பில் பார்த்தேன், கீழ் விளிம்பில் பார்த்தேன், முதலாளி நின்றுகொண்டிருந்தார், அவர் கேட்கும்படி சொன்னேன்: "பாத்துட்டேங்கண்ணா, கட்டு சரியா இருக்கு."